முதல் இலையும் பந்தியின் நீளமும்

அணி என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. அழகு என்பர், ஆபரணம் என்பர், உவமை, உருவகம் முதலாகச் செய்யுளுக்குப் பொலிவூட்டுவனவற்றையும் இலக்கணம் அணி என்றே வழங்கும். வரிசையும் அணிதான், படையின் வகுப்பும் அணிதான். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குக் கணிப்பொறிப் பாடநூல் எழுதிய அறிஞர்கள், ஒரே இனத்தைச் சேர்ந்த பல மதிப்புகளை நினைவகத்தில் ஒன்றையடுத்து ஒன்றாக வைக்கும் ஏற்பாட்டிற்குப் பெயர் தேடியபோது இச்சொல்லையே எடுத்துக்கொண்டனர். நல்ல தேர்வு என்றே நாம் கருதுகிறோம். சுட்டு என்னும் மற்றொரு சொல்லையும் அவர்கள் கையாண்டனர். நினைவகத்தில் ஓரிடத்தின் முகவரியைத் தாங்கி நிற்கும் மாறிக்குச் சுட்டு என்று பெயர். அ, இ, உ என்னும் மூன்றும் சுட்டெழுத்துகள் என்று இளமையில் உருப்போட்டோம் அல்லவா? அவ்வீடு என்னுமிடத்தில் அகரம் வீட்டைச் சுட்டிக் காட்டும். அவ்வீட்டில் அறைகள் எத்தனை, ஆட்கள் எத்தனை என்று அது சொல்வதில்லை. சி என்னும் கணிப்பொறி மொழியில் அணியைச் செயற்கூறுக்குக் கொடுக்கும் முறையை விளங்கிக்கொள்ள இந்த அகரம் ஒன்றே போதும். ஆயினும் ஆண்டுதோறும் மாணவர் பலர் அந்த இடத்தில் இடறி விழுவதைக் கண்டிருக்கிறோம்.

சங்க மலரில் இதற்கு இடமுண்டா என்று புருவம் உயர்த்தும் அன்பர்களும் இருக்கக்கூடும். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு வடக்கே வண்டியேறியது ஒரு தலைமுறை. ரயில்வேயிலும் தணிக்கை அலுவலகங்களிலும் தபால் துறையிலும் பேரேடு எழுதியது அடுத்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு வாய்த்த தொழில் கணிப்பொறி. பொறியியல் படிக்கப் புகும் நம் பிள்ளைகளுள் மிகப் பலர் சி மொழியின் படியில் கால் வைத்தே உள்ளே போகின்றனர். நாக்பூரைச் சேர்ந்த யஷவந்த் கனேட்கரின் நூலும், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய பாலகுருசாமியின் நூலும் நம்மவர் வீட்டு அலமாரிகளில் திருக்குறளுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. நாமும் பணி ஓய்வு பெறும் வரையில், பிழைக்க வந்த இவ்வூரில், அம்மொழியைக் கல்லூரி மாணவர்க்குப் பயிற்றுவித்து வந்தோம். ஆகவே வீட்டுப் பேச்சைத்தான் பேசுகிறோம்.

செயற்கூறு என்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று தனியே பெயரிட்டு எழுதிவைத்த நிரற்பகுதி. பெரிய நிரல் கல்யாண வீட்டுக்காரரைப் போன்றது; எல்லா வேலையையும் தானே செய்யாது. செயற்கூறைப் பெயர் சொல்லி அழைக்கும். வேண்டிய பொருளைக் கையில் கொடுக்கும். வேலை முடிந்ததும் விடையை வாங்கிக்கொள்ளும். கையில் கொடுப்பதைப் பற்றிச் சி மொழியில் பொது விதி ஒன்று உண்டு. கொடுப்பது எப்போதும் நகலே. 25 என்னும் எண்ணைக் கொடுத்தால் செயற்கூறு பெறுவது அதன் நகல். அது அந்த நகலை இரட்டிக்கலாம், அழிக்கலாம். மூலம் மூலமாகவே இருக்கும். அலுவலகத்தில் சான்றிதழின் நகலைக் கொடுத்துவிட்டு மூலத்தை வீட்டுப் பெட்டியில் பூட்டி வைக்கிறோமே, அது போல.

அணியிடம் வரும்போதுதான் நிலைமை வேறாகிறது. 47 எண்கள் கொண்ட அணியின் பெயரைச் செயற்கூறுக்குக் கொடுத்தால் 47 எண்களும் நகலெடுக்கப்பட்டுப் போவதில்லை. முதல் எண் இருக்கும் இடத்தின் முகவரி மட்டும் போகிறது. நகலெடுக்கப்படுவது அந்த முகவரி. பொது விதி பிறழவில்லை என்று இலக்கணம் பேசுவோர் சொல்வர்; உண்மைதான். விளைவுகளோ இரண்டு. முகவரியைப் பெற்றவர் நேரே மூலத்தின் வாசலுக்கே போய்விடுகிறார். அங்கே அவர் மாற்றியது மாற்றியதுதான். இது பல வேளைகளில் நமக்கு வேண்டுவதே. மதிப்பெண் பட்டியலை ஏறுவரிசையில் அடுக்கித் தரும் செயற்கூறு மூலத்தைத் தொடாமல் எப்படி அடுக்கும்? இரண்டாம் விளைவு அவ்வளவு வெளிப்படையானதன்று. முகவரியில் நீளம் எழுதப்பட்டிருப்பதில்லை.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்வோம். இலைகள் யாவும் ஒரே அகலம், இடைவெளியின்றிப் போடப்பட்டிருக்கின்றன. சாம்பார் வாளியுடன் வருபவரிடம், "முதல் இலை அந்தத் தூணருகே" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோம். இலையின் அகலம் அவருக்குத் தெரியும். முழு எண்ணா, பின்ன எண்ணா என்று அணியின் இனத்தை அறிவித்துவிட்டதால் வந்த அறிவு அது. ஆகவே முதல் இலைக்கு அவர் நகர வேண்டியதில்லை. இரண்டாம் இலைக்கு ஓர் இலை அகலம் நகர்ந்தால் போதும். பத்தாம் இலைக்கு ஒன்பது. அணியின் உறுப்புகளை ஏன் சுழியிலிருந்து எண்ணுகிறார்கள் என்று மாணவர் கேட்கும் கேள்விக்கும் இதுவே விடை. அந்த எண் நகர வேண்டிய தொலைவைக் குறிக்கிறது. இதுவரை எல்லாம் செம்மை. பந்தியில் எத்தனை இலை என்று மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. மனிதராயின் கடைசி இலையைக் கண்டதும் நிற்பார். சி மொழியின் பரிமாறுபவரோ குனிந்து பார்க்கும் வழக்கமில்லாதவர். இலை தீர்ந்த பின்னும் தரையில் ஊற்றுவார்; அதற்கும் அப்பால் அமர்ந்திருக்கும் சம்பந்தியின் பட்டு வேட்டியிலும் ஊற்றுவார்; ஊற்றியதாகத் தம் கணக்கில் எழுதிக்கொண்டு போவார்.

இதில் கண்ணை மயக்கும் சங்கதி ஒன்றும் உண்டு. செயற்கூறின் தலைப்பில், பெறுவது அணி என்று காட்டச் சதுர அடைப்புக்குறியிட்டு, உள்ளே 47 என்று எழுதவும் மொழி இடம் தருகிறது. எழுதியவர்க்கு அது மனநிறைவு. நிரல்பெயர்ப்பியோ அந்த 47ஐத் தள்ளிவிட்டு, வருவது வெறும் சுட்டு என்றே கொள்கிறது. படிப்பவர் கண்ணுக்கு அணி. பொறியின் கண்ணுக்கு முகவரி. இவ்வளவு இனிய மொழியில் இப்படியொரு பொய்த்தோற்றத்தை ஏன் விட்டுவைத்தனர் என்று பலமுறை நினைத்ததுண்டு.

ஏற்படுத்தியவர்கள் அறியாமையால் ஏற்படுத்தவில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967இல் உருவாக்கிய பி.சி.பி.எல். என்னும் மொழியிலும், அதைப் பின்பற்றி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் அமைத்த பி என்னும் மொழியிலும், நினைவகம் என்பது ஒரே அளவுள்ள அறைகளின் நீண்ட வரிசை. அணியின் பெயர் என்பது ஓர் அறை. அந்த அறைக்குள் அணியின் தொடக்க முகவரி எழுதப்பட்டிருக்கும். பி மொழியைத் திருத்திச் சி மொழியை ஆக்கியவர் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த டென்னிஸ் ரிட்சி. அவருக்கு ஒரு நெருக்கடி வந்தது. யூனிக்ஸ் இயக்கத்தில் கோப்புகளின் அட்டவணையில் ஒரு பதிவு என்பது இரண்டு பைட்டு எண்ணும் 14 பைட்டுப் பெயரும் சேர்ந்தது. வட்டில் உள்ள அதே வடிவில் அதை மொழிக்குள் ஓர் அமைப்பாக எழுத வேண்டும். பெயர் என்பது எழுத்துகளின் அணி. பழைய முறைப்படி அந்த அணிக்கு ஒரு முகவரி அறை வேண்டுமே, அதை எங்கே ஒளித்து வைப்பது? 14 பைட்டில் அதற்கு இடமில்லை. ரிட்சி அந்த அறையையே நீக்கிவிட்டார். அணியின் பெயரைக் கோவையில் குறிப்பிடும்போதெல்லாம் தொடக்க முகவரி அந்நொடியில் பிறக்கும் என்று விதி செய்தார். இனமற்ற பழைய மொழியிலிருந்து இனமுள்ள சி மொழிக்குத் தாவிய முக்கியமான தாவல் இதுவே என்று 1993இல் அம்மொழியின் வரலாற்றை எழுதியபோது அவரே கணித்திருக்கிறார். அந்த விதி செயற்கூறை அழைக்குமிடத்திலும் செல்லுபடியாயிற்று. நீளம் வாசலிலேயே நின்றுவிட்டது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்வதே முறை. நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியில், தொடக்கக் காலத்தில், நீளம் அணியின் இனத்திலேயே ஒரு பகுதி. பத்து உறுப்புகள் கொண்ட அணிக்கென்று எழுதிய செயற்கூறு பதினொன்றை வாசற்படி ஏற விடாது. காவல் பலமானதுதான், ஆனால் எந்த நீளத்துக்கும் பொதுவாகக் கூட்டிச் சொல்லும் ஒரு செயற்கூறை எழுதுவதே அங்குப் பெரும்பாடு. 1978இல் ரிட்சியோடு சேர்ந்து சி மொழியின் முதல் நூலை எழுதிய பிரையன் கெர்னிகன், 1981இல் பாஸ்கலைப் பற்றி எழுதிய கட்டுரையில் இக்குறையைத்தான் முதன்மையாக எடுத்துக் கொட்டித் தீர்த்தார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. நம்மைக் கேட்டால், பதினொன்றாமவரைத் திருப்பி அனுப்பும் வீட்டைக் காட்டிலும், வருபவர்களை எண்ணி வரவேற்கும் வீடே நமக்கு உவப்பு. முகவரியோடு நீளத்தையும் தாங்கும் சுட்டு ஒன்றை மொழியில் சேர்க்கலாம் என்று ரிட்சியே 1990இல் எழுதினார். அது சேர்க்கப்படவில்லை.

நூலில் இப்படி அமைதியாகக் கிடக்கும் விதி, மனிதர் நடுவில் வந்தால் என்ன செய்யும் என்பதை நம் சங்கத்திலேயே பார்க்க நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. கல்லூரிக் கட்டணம் கட்ட இயலாத பிள்ளைகளுக்கென்று சங்கத்தில் ஓர் உதவி நிதி உண்டு. 47 குடும்பங்கள் மாதம் நூறோ ஐம்பதோ தருகின்றன. கணக்கை இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுதி வந்தவர் நம் பொருளாளர். ரயில்வே அஞ்சல் பிரிவில், ஓடும் வண்டியில் நின்றபடியே கடிதங்களைப் பிரித்துப் போட்டு ஓய்வு பெற்றவர். அவருடைய நோட்டுப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் காண்பது அரிது. புதிய செயற்குழு, கணக்கு இனிக் கணிப்பொறியில் ஏற வேண்டும் என்று விரும்பியது. பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி அப்பணியை ஏற்றான். விரிதாளில் அரை மணியில் முடியும் வேலைக்குச் சி மொழி எதற்கு என்று கேட்கத் தோன்றும். கற்ற வித்தையை உறவினர் முன் நிகழ்த்திக் காட்டும் வயது. குற்றம் சொல்ல மனம் வரவில்லை.

பொதுக்குழுக் கூட்டத்துக்கு முந்திய மாலை, ஆண்டு மொத்தம் அச்சாகி வந்தது. பொருளாளரின் நோட்டில் மொத்தம் 41,400 ரூபாய். தாளில் 1,800 ரூபாய்.

அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தனர். தாள் கைமாறியது. "பொறி பொய் சொல்லாதே, மீதி எங்கே?" என்று ஒருவர் கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார் என்று பின்னர் சொன்னார்கள். ஊரை விட்டு வந்து, உறவென்று சொல்லிக்கொள்ள இந்த ஐம்பது வீடுகளைத் தவிர வேறில்லாத இடத்தில், பொதுப்பணத்தைப் பற்றிய விளையாட்டு எத்தனை நாள் விளையாட்டாக இருக்கும்? அந்த மாதக் கடைசிக்குள் இரண்டு பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டியாக வேண்டும்; கூட்டத்தில் ஐயம் கிளம்பினால் பணம் முடங்கும். பொருளாளர் ஒன்றும் பேசவில்லை. நோட்டை மஞ்சள் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அன்றிரவு அத்தம்பி நம் வீட்டுக் கதவைத் தட்டினான். நிரலை வரி வரியாகப் படித்தோம். தொகைகள் 47ம் முறையாக அணியில் ஏறியிருந்தன. கூட்டும் செயற்கூறுக்கு அணியின் பெயரை மட்டும் கொடுத்திருந்தான். எத்தனை என்பதை உள்ளே போய்க் கணித்துக்கொள்ளலாம் என்பது அவன் எண்ணம். முழு அணியின் அளவை ஓர் உறுப்பின் அளவால் வகுத்தால் எண்ணிக்கை வரும் என்று அவன் படித்திருந்தான். அணி பிறந்த இடத்தில் அது முற்றும் சரி. ஒரு முழு எண்ணுக்கு 4 பைட்டு, 47 எண்ணுக்கு 188 பைட்டு, வகுத்தால் 47. செயற்கூறின் உள்ளேயோ அணி இல்லை, சுட்டுத்தான் இருக்கிறது. அவனுடைய பொறியில் ஒரு சுட்டின் அளவு 8 பைட்டு. எட்டை நான்கால் வகுத்தால் இரண்டு. ஆகவே பட்டியலின் முதல் இரண்டு குடும்பங்களின் தொகை மட்டும் கூட்டப்பட்டது. 1,200ம் 600ம் சேர்ந்து 1,800. சுட்டுக்கும் முழு எண்ணுக்கும் 4 பைட்டே கொண்ட பழைய பொறியில் இதே நிரல் முதல் குடும்பத்தோடு நின்றிருக்கும். நிரல்பெயர்ப்பி இதைக் கண்டு ஒரு வரி எச்சரிக்கையும் தந்திருந்தது. நிரல் ஓடிவிட்டபடியால் அவன் அதைப் படிக்கவில்லை.

மறுநாள் காலை இருவருமாகப் பொருளாளர் வீட்டுக்குச் சென்றோம். காப்பி வந்தது. தம்பி தாளில் கட்டம் போட்டு நடந்ததை விளக்கினான். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"விலாசத்தை மட்டும் கொடுத்தாயா? உருப்படி எத்தனை என்று கொடுக்கவில்லையா, தம்பி?"

"கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை, ஐயா. உள்ளே தெரிந்துவிடும் என்று இருந்துவிட்டேன்."

"பதிவுத் தபால் பை வந்தால் கூடவே பட்டியல் வரும். பட்டியல் இல்லாமல் பையை வாங்க மாட்டோம். பையைப் பிரித்து, எண்ணி, பட்டியலோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. சரி, பட்டியலில் 40 என்று எழுதி, பையில் 38 இருந்தால் உன்னுடைய செயற்கூறு என்ன செய்யும்?"

தம்பி நம்மைப் பார்த்தான். "40 எடுக்கும்" என்றோம்.

"இல்லாத இரண்டை எங்கிருந்து எடுக்கும்?"

"பைக்குப் பக்கத்தில் எது கிடக்கிறதோ, அதை."

பெரியவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் உங்கள் ஊரில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை" என்றார்.

அன்று மாலைக் கூட்டத்தில் 41,400 என்றே வாசிக்கப்பட்டது. செயற்கூறுக்கு அணியின் பெயரோடு 47 என்பதையும் இரண்டாம் பொருளாகக் கொடுத்ததற்கு மேல் மாற்றம் ஏதுமில்லை. பிழை நிரலில் இருந்தது, நோட்டில் அன்று என்று தம்பி எழுந்து நின்று சொன்னான். முந்தின நாள் கேள்வி கேட்டவர் அன்று வரவில்லை. இரு பிள்ளைகளின் கட்டணமும் உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. பொருளாளர் பொறுப்பிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தார். குழு அதை ஏற்க மறுத்து, நோட்டும் தொடரட்டும், கணிப்பொறியும் தொடரட்டும் என்று முடிவு செய்தது.

பெரியவர் கேட்ட கேள்விகள் இரண்டையும் உலகம் மிகுந்த விலை கொடுத்தே கேட்டிருக்கிறது. சி மொழியில் எழுத்துச்சரம் என்பதும் அணிதான். பழைய திரைப்படத்தின் முடிவில் வரும் சுபம் போல, இறுதியில் ஒரு சுழி நின்று முடிவைக் காட்டும். கெட்ஸ் என்றொரு செயற்கூறு நெடுங்காலம் அம்மொழியின் நூலகத்தில் இருந்தது. வெளியிலிருந்து வரும் ஒரு வரியை வாங்கி, கொடுத்த அணியில் நிரப்புவது அதன் வேலை. அதற்குக் கொடுக்கப்படுவது அணியின் முகவரி ஒன்றே. அணி எவ்வளவு கொள்ளும் என்று அதற்குச் சொல்ல வழியே கிடையாது. 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், அமெரிக்காவில் ராபர்ட் மோரிஸ் என்னும் ஆய்வு மாணவர் வலையமைப்பில் ஒரு நிரலை அவிழ்த்துவிட்டார். அது புகுந்த வாயில்களுள் ஒன்று இந்தக் கெட்ஸ். 512 பைட்டு கொள்ளும் அணிக்குள் 536 பைட்டுகளை அது அனுப்பியது. மிகுந்த 24 பைட்டுகள் பக்கத்து இடத்தில் விழுந்து, செயற்கூறு வேலை முடித்துத் திரும்பிப் போகவேண்டிய முகவரியையே மாற்றி எழுதின. திரும்பிய செயற்கூறு அயலான் காட்டிய வழியில் நடந்தது. சுமார் 6,000 கணிப்பொறிகள் தாக்குண்டன என்று அன்று மதிப்பிட்டனர். அம்மாணவர்க்கு 1990இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணிநேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன. கெட்ஸ் என்னும் செயற்கூறு மொழியின் தரநூலிலிருந்து நீக்கப்பட்டது 2011இல்தான். இருபத்து மூன்று ஆண்டுகள்! நம் நாட்டு வழக்குமன்றங்களை மட்டும் குறை கூறுகிறோம்.

நீளத்தைச் சொல்லிவிட்டால் மட்டும் தீர்ந்ததா என்பது பெரியவரின் இரண்டாம் கேள்வி. 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் குறை அக்கேள்விக்கு நேரான சான்று. வலைத்தளங்களின் மறைகுறியீட்டிற்குப் பெரிதும் பயன்பட்ட ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் நூலகத்தில், ஒரு பொறி மற்றொன்றிடம், "உயிரோடு இருக்கிறாயா? நான் அனுப்பும் இச்சொல்லைத் திருப்பி அனுப்பு" என்று கேட்கும் வழக்கம் உண்டு. சொல்லோடு அதன் நீளத்தையும் கேட்பவரே எழுதி அனுப்புவார். பெற்றவர் அந்த நீளத்தை எண்ணிப் பாராமல் நம்பினார். ஒரு பைட்டு அனுப்பிவிட்டு 64,000 பைட்டு அனுப்பியதாக எழுதினால், திருப்பி அனுப்பும்போது பக்கத்தில் கிடந்த பிறருடைய கடவுச்சொற்களும் கூடவே போகக்கூடிய நிலை. பட்டியல் இருந்தது, எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடுபவர்தாம் இல்லை.

இவற்றையெல்லாம் அறிந்த பிறகும் சி மொழியைக் கைவிடச் சொல்லும் கட்சியில் நாம் இல்லை. சிறிய பொறிகளில் அதன் விரைவும் சிக்கனமும் இன்றும் மதிப்புடையவை. வேண்டிய ஒழுங்குகளும் மொழியில் ஓரளவு உண்டு. அணியைப் பார்ப்பேன், மாற்ற மாட்டேன் என்று செயற்கூறின் தலைப்பிலேயே கான்ஸ்ட் என்னும் சொல்லால் உறுதி எழுதித் தரலாம். அணியை ஓர் அமைப்புக்குள் வைத்துக் கொடுத்தால் அணி முழுதும் நகலாகவே போகும். மூலம் பெட்டியில் பத்திரமாக இருக்கும், நகலெடுக்கும் செலவு நம்முடையது. குறைந்தது இத்தனை உறுப்புகள் உள்ள அணியே வரும் என்று அறிவிக்க 1999ஆம் ஆண்டுத் தரநூல் ஒரு வழி செய்தது. இரு திசையில் விரியும் அணியைக் கொடுக்கும்போது மட்டும் மொழி கொஞ்சம் கண்டிப்பு. வரிசைகள் எத்தனை என்று கேளாது. ஒரு வரிசைக்கு எத்தனை உறுப்பு என்று கட்டாயம் கேட்கும். முதற்பந்தியைத் தாண்டி அடுத்த பந்தியின் முதல் இலைக்குப் போக எத்தனை இலை கடக்க வேண்டும் என்று தெரியாமல் அது எப்படி நடக்கும்?

அடுத்த ஆண்டு பொருளாளர் ஒரு வேண்டுகோள் வைத்தார். பட்டியலில் பெயர்கள் ஆங்கிலத்தில் வருகின்றன; தமிழ்ச் சங்கத்தின் பட்டியல் தமிழில் வரட்டும் என்றார். தம்பி மகிழ்ச்சியோடு இசைந்தான். ஒவ்வொரு பெயருக்கும் 20 பைட்டு கொண்ட அணி ஏற்கனவே இருந்தது. நகலெடுக்கும் செயற்கூறுக்கு இம்முறை மறவாமல் 20 என்னும் எல்லையையும் கொடுத்தான். அச்சில் மீனாட்சி என்னும் பெயர் மீனாட் என்று நின்று, அருகில் ஒரு கறுப்புக் கட்டம் வந்தது.

ஆங்கிலத்தில் அப்பெயர்க்கு ஒன்பது எழுத்து. இறுதிச் சுழியோடு பத்துப் பைட்டு. தமிழில் நம் கண்ணுக்கு நான்கே எழுத்து. ஆனால் ஒருங்குறியில் உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ம, ஈகாரக் குறி, ன, ஆகாரக் குறி, ட, புள்ளி, ச, இகரக் குறி என எட்டு. வழக்கமான யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. இருபத்து நான்கும் இறுதிச் சுழியும் சேர்ந்து 25. இருபதில் சுழிக்கு ஒன்று போக எஞ்சிய 19 பைட்டில் ஆறு குறிகள் அடங்கி, ஏழாவதாகிய சகரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் உள்ளே வந்து மாட்டிக்கொண்டது. அந்த மூளிச் சகரமே கறுப்புக் கட்டம். செயற்கூறுக்குச் சொன்ன எல்லை உண்மையான எல்லைதான், அது மதித்தும் நடந்தது. பைட்டை எண்ணுவது வேறு, எழுத்தை எண்ணுவது வேறு என்பதை மட்டும் யாரும் அதற்குக் கற்பிக்கவில்லை.

தம்பி அணியின் அளவை 100 ஆக்கினான். எல்லை நெருங்கினால் பாதி எழுத்தில் வெட்டாமல் முழு எழுத்தோடு நிற்கும்படி செயற்கூறையும் திருத்தி எழுதினான். பட்டியலிலேயே நீளமான பெயராகிய கோபாலகிருஷ்ணனுக்கு 43 பைட்டு தேவைப்பட்டது. பொருளாளர் தாளை வாங்கி, ஒவ்வொரு பெயராக விரல் வைத்து 47 வரை எண்ணினார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார்.